கைமாறிக் கைமாறி வரும் அம்ப்ளிபயர்கள்

பதுளை நகரின் கடைவீதியில் பழைய வானொலி, தொலைக்காட்சி, இசைக்கருவி முதலியவற்றை வாங்கி விற்கும் கடைகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருவோர்க்கு ஓர் உண்மை தெரியும். அங்கே எல்லாக் கருவிகளும் ஒரே அளவில் வருவதில்லை. ஒரு சில வகைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. வெள்ளி நிற முகப்பும், தடித்த குமிழ்களும், அம்மிக்கல்லை ஒத்த கனமும் கொண்ட ஜப்பானிய அம்ப்ளிபயர்கள், சன்சுயி, பயனியர், கென்வுட், டெக்னிக்ஸ் என்னும் பெயர்களைத் தாங்கியவை, இன்று ஒருவர் கைக்குப் போகும்; ஓராண்டு கழியுமுன் அதே வகைக் கருவியொன்று, சில வேளை அதே கருவியே, பழைய தட்டில் மீண்டும் வந்து அமர்ந்திருக்கும். ஏன் இவ்வாறு நிகழ்கின்றது?

இளம் மாணவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். வானொலி, ஒலிநாடா, கைத்தொலைபேசி ஆகியவற்றிலிருந்து வெளிவரும் மின்குறி மிகவும் மெலிந்தது. ஸ்பீக்கரை அசைத்து ஒலி எழுப்பும் வலிமை அதற்கில்லை. அந்த மெலிந்த குறியை, அதன் வடிவம் சிதையாது வலுப்படுத்திக் கொடுப்பதே அம்ப்ளிபயரின் தொழில். பாடகர் பாடியதற்கும் நாம் கேட்பதற்கும் இடையே வேறுபாடு எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவிற்கு அது ‘ஹைபை’ என்று போற்றப்படும்.

“நல்ல மாடு உள்ளூரிலேயே விலை போகும்” என்பது நம்மவர் பழமொழி. இப்பழமொழியை நம்பி, அடிக்கடி விற்பனைக்கு வருவது பழுதுள்ளதாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளிப்போர் பலர். அத்தீர்ப்பு சரியானதா என்பது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக வேண்டும் என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. அத்தகைய வருமானத்தில் மிச்சம் பிடித்து ஒரு குடும்பம் வாங்கும் கருவி அது. தவறான கருவியை வாங்கினால் பல மாத உழைப்பு வீணாகும். நல்ல கருவியை ஐயத்தால் ஒதுக்கினால், குறைந்த விலையில் கிடைத்திருக்கக் கூடிய ஓர் இன்பம் கை நழுவும். ஆகவே காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வது நன்று.

பிழைத்திருப்பவையே சந்தைக்கு வரும்

முதற் காரணம் எளிய கணக்கு. எது மிகுதியாகச் செய்யப்பட்டதோ அதுவே மிகுதியாகக் கைமாறும். 1970களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அம்ப்ளிபயர்களை உலகெங்கும் அனுப்பின. ஒருவகைக் கருவி ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்குமாயின், அவ்வீடுகளில் ஒரு சிறு பகுதியினர் விற்க முற்பட்டாலும் கடைத்தட்டு நிறைந்துவிடும்.

மேல்நாட்டிலும் இதுவே நடைமுறை. 1978 ஆம் ஆண்டில் என்.ஏ.டி. என்னும் நிறுவனம் 3020 என்ற இலக்கமிட்ட ஓர் அம்ப்ளிபயரை வெளியிட்டது. நோர்வே நாட்டவரான எரிக் எட்வர்ட்சன் என்னும் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். அதன் ஆற்றல் பக்கமொன்றுக்கு 20 வாட் மட்டுமே. தோற்றத்திலும் ஆடம்பரம் இல்லை. ஆயினும் மாணவரும் சாதாரண வருமானமுடையோரும் வாங்கக் கூடிய விலையில் நல்ல ஓசை தந்தமையால் அது பெருந்தொகையாக விற்பனையாயிற்று. இங்கிலாந்தின் பழைய பொருட் சந்தையில் அது அடிக்கடி தலைகாட்டியதற்கு அதன் குறை காரணமன்று. அது பெற்ற வரவேற்பே காரணம்.

இரண்டாவது காரணம் முதலாவதிலும் நுட்பமானது. விற்பனைக்கு வர வேண்டுமாயின் ஒரு கருவி உயிரோடிருக்க வேண்டும். மலிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கிய இசைக்கருவி ஐந்தாறு ஆண்டுகளில் பழுதுற்றால், அதனைத் திருத்துவோரில்லை. அது குப்பைக்கே போகின்றது. பழைய கடையில் அதனை நாம் காணாமைக்கு அது நல்லதென்பது காரணமன்று, அது மாண்டு போயிற்று என்பதே காரணம். கனத்த ட்ரான்ஸ்போமரும், திருகாணி கழற்றித் திறக்கக் கூடிய இரும்புப் பெட்டியும், தனித்தனியே மாற்றக் கூடிய உறுப்புகளும் கொண்ட கருவியோ திருத்தத் திருத்த உயிர் பெறுகின்றது. இங்கிலாந்தில் பீற்றர் வோக்கர் 1936 இல் நிறுவிய நிறுவனம் ‘குவாட்’ என்னும் பெயரில் அம்ப்ளிபயர்களைச் செய்தது. 1967 இல் வெளிவந்த அதன் 303 என்னும் கருவிகள் பல, அரை நூற்றாண்டு கடந்தும் உழைக்கின்றன. இத்தகையவை மூன்று நான்கு வீடுகளைக் கண்டிருப்பதில் வியப்பென்ன?

இன்னொரு வசதியும் இவற்றுக்கு உண்டு. பின்புறத்திலே சிவப்பும் வெள்ளையுமாக உள்ள வட்டத் துளைகள் பல பத்தாண்டுகளாக மாறவில்லை. 1975 இல் செய்த அம்ப்ளிபயருக்கு இன்றைய கைத்தொலைபேசியை ஒரு சிறு வயரால் இணைத்துவிடலாம். ஆனால் ஐந்தாறு ஸ்பீக்கர்களுடன் ‘ஹோம் தியேட்டர்’ என்று விற்கப்பட்ட கருவிகளின் கதை வேறு. எச்.டி.எம்.ஐ. என்னும் இணைப்பு முறை 2002 ஆம் ஆண்டில் அறிமுகமான பின்னர், அத்துளை இல்லாத பழைய கருவிகள் புதிய தொலைக்காட்சிகளோடு முழுமையாக ஒத்துழைக்க இயலாதவை ஆயின. அவையும் பழைய கடைக்கு வருகின்றன. ஆனால் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஒரு கருவி அடிக்கடி வருவது வேறு, வந்து போகாமற் கிடப்பது வேறு. வாங்குவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும்.

நூறு வோல்ட்டும் இருநூற்று முப்பதும்

நம் நாட்டுக்கே உரிய காரணங்களுக்கு வருவோம். 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாக இருந்தன. மலைநாட்டில் அக்காலத்து இசை பெரும்பாலும் வானொலியே. 1977 ஆம் ஆண்டின் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டுக் கருவிகள் கடைகளை நிறைத்தன. அவற்றோடு, ஜப்பானிலே பயன்படுத்திக் கழித்த கருவிகளும் வந்து சேர்ந்தன.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; இலங்கையில் 230 வோல்ட். ஜப்பானிய உள்நாட்டுப் பாவனைக்கெனச் செய்த கருவியை நம் சுவர்ச் செருகியில் நேரே மாட்டினால் இரு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் அதனுள்ளே பாய்கின்றது. பாதுகாப்புப் பியூஸ் எரிந்து நின்றால் அது நல்லூழ். இல்லையேல் ட்ரான்ஸ்போமரும் உள்ளுறுப்புகளும் கருகும். அழுத்தத்தைக் குறைக்கும் தனி ட்ரான்ஸ்போமர் ஒன்றை வைத்தே அதனை இயக்க வேண்டும். வாங்கிய அண்ணன் அதனை அறிந்திருப்பார். அவர் கொழும்புக்கு வேலைக்குப் போன பின்னர் வீட்டிலுள்ள தம்பி அறியாது மாட்டிவிடுவான். கருவி றேடியோ பாஸிடம் போகும், திருத்துக்கூலி கட்டுபடியாகாது, கிடைத்த விலைக்குக் கைமாறும். அவர் அதனைத் திருத்தி, மீண்டும் தட்டில் வைப்பார். ஜப்பானிய உள்நாட்டுக் கருவிகள் சுழன்று சுழன்று வருவதற்கு இஃது ஒரு பெருங் காரணம்.

ஆனால் அதே நிறுவனங்கள் ஏற்றுமதிக்கெனச் செய்த பல கருவிகளின் பின்புறத்தில் 110, 120, 220, 240 என்று மாற்றிக் கொள்ளும் திருகி இருக்கும். இரண்டும் முகத்தில் ஒன்றுபோலவே தோன்றும். முதுகைத் திருப்பிப் பார்ப்பவனே வேறுபாட்டைக் காண்பான்.

பத்தடிக் காம்பராவில் நூறு வாட்

மற்றொரு காரணம் வீட்டின் அளவு. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் பல குடும்பங்கள் லயங்களிலே வாழ்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதே லயக் காம்பரா ஒன்றின் வழக்கமான அளவு. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம்.

இத்தகைய இடத்திற்கு எத்தனை வாட் வேண்டும்? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். சாதாரண ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தொலைவில் ஏறத்தாழ 88 டெசிபல் ஒலி எழும். மனிதர் உரையாடும் ஒலி 60 டெசிபல் அளவினது. எனவே அந்த 1 வாட்டே காம்பராவை நிறைக்கப் போதும். ஆற்றலை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு ‘இரு மடங்கு உரக்கம்’ என்று படவேண்டுமாயின் ஆற்றலைப் பத்து மடங்காக்க வேண்டும். ஆகவே 50 வாட் கருவிக்கும் 100 வாட் கருவிக்கும் விலையில் உள்ள வேறுபாடு பெரிது; காதில் உள்ள வேறுபாடு சிறிது.

இவ்வுண்மையை விளம்பரங்கள் சொல்வதில்லை. 1990களில் பெட்டிகளின் மேல் பீ.எம்.பி.ஓ. என்று எழுதி ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்டு விற்றனர். அவ்வெண் ஒரு கணநேரம்கூட நிலைக்காத கற்பனை உச்சத்தைக் குறிப்பது. உண்மை ஆற்றல் அதில் மிகச் சிறு பகுதியே. அமெரிக்காவில் இத்தகைய மிகைப்படுத்தலைத் தடுக்க, ஆற்றலை அளந்து கூறும் முறையை 1974 ஆம் ஆண்டிலேயே விதியாக்கினர்.

பேராற்றலுள்ள கருவியைத் திருவிழாக்கால உற்சாகத்தில் வாங்கும் இளைஞன் சில வாரங்களில் இரண்டு தடைகளைக் காண்கிறான். அதன் குமிழைக் கால்வாசி திருப்பினாலே லயம் முழுவதும் அதிர்கின்றது. அடுத்த காம்பராவில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தாய் வந்து நிற்கின்றாள். அதிகாலையில் மலைக்குப் போக வேண்டிய பெரியவர் முணுமுணுக்கின்றார். பயன்படுத்த முடியாத பொருள் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பானேன் என்று அது விற்பனைக்கு வருகின்றது. இங்கே கருவியிலும் பழுதில்லை, இளைஞனிடத்தும் குற்றமில்லை. பொருளும் இடமும் பொருந்தவில்லை. பெரிய அம்ப்ளிபயர்கள் அதிகமாகவும், 20 அல்லது 30 வாட் கருவிகள் குறைவாகவும் நம் கடைகளிற் காணப்படுவதற்கு இப்பொருத்தமின்மை ஒரு விளக்கமாகும்.

தீபாவளியும் தை மாதமும்

இனி, காலத்தைக் கவனிப்போம். பதுளைக் கடைகளில் அம்ப்ளிபயர்களின் வரவு ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. தீபாவளிக்கு முன்னர் தட்டுகள் வெறுமையாகின்றன. டிசம்பர் கடைசியிலும் தை மாதத்திலும் நிரம்புகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தைத் தோட்டத்துக் குடும்பப் பொருளாதாரம் அறிந்தவர் உடனே விளங்கிக் கொள்வர்.

தீபாவளி முற்பணம் கையில் வருகின்றது. ஆண்டு முழுவதும் ஒடுங்கிக் கிடந்த ஆசைகளில் ஒன்று நிறைவேறுகின்றது. பின்னர் அந்த முற்பணம் மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கப்படுகின்றது. பாடசாலை ஆண்டு வழக்கமாக ஜனவரியில் ஆரம்பமாகும். சப்பாத்து, புத்தகப்பை, கொப்பிகள் எல்லாம் ஒரே வாரத்தில் வேண்டும். வீட்டிலுள்ள பொருட்களில் உடனே பணமாகக் கூடியது எது? நகை இருந்தால் அது அடகுக் கடையில் இருக்கும். அடுத்தது அம்ப்ளிபயரே. கடைக்காரர் அதன் பெயரை அறிவார், விலையையும் அறிவார், மறுபேச்சின்றிப் பணம் தருவார். அறியப்படாத கருவிக்கு அந்த மதிப்பில்லை. ஆகவே பெயர் பெற்ற அம்ப்ளிபயர் அக்குடும்பத்துக்கு இசைக்கருவி மட்டுமன்று, அவசரகாலச் சேமிப்பும் ஆகும். அது அடிக்கடி விற்பனைக்கு வருவது அதன் மதிப்பின்மையைக் காட்டவில்லை. எப்போதும் விலை உண்டென்னும் நம்பிக்கையையே காட்டுகின்றது.

“மாஸ்டர், இந்தச் செட்ட வித்தவங்க மொகத்தப் பாத்தா, செட்டுல கொற இல்லன்னு தெரியும்” என்று கடைக்காரர் ஒருவர் நம்மிடம் சொன்னதுண்டு. விற்பவர் கடைசியாக ஒருமுறை பாட்டுப் போட்டுக் கேட்டுவிட்டுப் போவாராம்.

இதே நாட்களில் இயற்கையும் குறுக்கிடுகின்றது. ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இடிமின்னல் மிகுந்த காலம். சித்திரையை ஒட்டியும் அவ்வாறே. மலைச்சரிவுகளில் நெடுந்தூரம் ஓடிவரும் மின்கம்பிகள் மின்னலின் வீச்சை வீட்டுக்குள் கொண்டு வருகின்றன. தீபாவளிக்கு வாங்கிய கருவி கார்த்திகை இடியில் கருகிய கதைகளை ஹாலி-எலவிலும் தெமோதரையிலும் கேட்கலாம். வானம் இருண்டதும் செருகியைக் கழற்றுவது ஒரு சதமும் செலவில்லாத காப்புறுதி. தொலைக்காட்சி அன்டனா வயர் இணைக்கப்பட்டிருந்தால் அதனையும் கழற்ற வேண்டும்.

வீட்டின் நிலை மாறும்போது பொருள் சந்தைக்கு வருவது மலைநாட்டுக்குப் புதிதன்று. 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. அதன்படி தலைமன்னார் வழியாகக் கப்பலேறிய குடும்பங்கள், கொண்டு செல்ல இயலாதவற்றை விற்றும் கொடுத்தும் சென்றன. அவ்வாறு விடப்பட்ட பொருட்களை வைத்து, அவை தரமற்றவை என்று எவரேனும் கூறுவரோ? நம் காலத்திலும் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் பிள்ளை தன் செட்டை விற்றே பயணப்பையை வாங்குகின்றான்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டிற்று. சில மாதங்களில் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தது. புதிய கருவிகள் எட்டாக் கனியாயின. வீட்டுச் செலவுக்காக விற்போர் ஒரு பக்கம், புதியது வாங்க இயலாது பழையதைத் தேடுவோர் மறுபக்கம். பழைய கருவிகளின் கைமாற்றத்துக்கு இரு பக்கமும் துணை செய்தன.

ஐயம் விலையைக் குறைக்கும்

அப்படியாயின் “நல்ல மாடு” என்னும் பழமொழி பொய்யோ? முற்றாகப் பொய்யன்று. ஜோர்ஜ் அக்கர்லொவ் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970 இல் பழைய மோட்டார் கார்ச் சந்தையைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். விற்பவனுக்குக் காரின் குணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே தர முன்வருகின்றான். அவ்விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க விரும்பான். பழுதுள்ளதை வைத்திருப்பவனே விற்பான். முடிவில் சந்தையில் நல்லவை குறைந்து கெட்டவை மிகுந்துவிடும். இவ்வாராய்ச்சியின் பயனாக 2001 ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

நம் முன்னோர் ஒரு வரியிற் சொன்னதை அவர் விரித்துரைத்தார் எனலாம். ஆயினும் அவர் கூற்றிலே ஒரு வாயிலும் திறந்திருக்கின்றது. அறியாமையே நோயின் வேர். அறிவு கூடினால் நோய் குறையும். விற்பவர் வறுமையால் விற்கின்றாரா, வீட்டுக்குப் பொருந்தாமையால் விற்கின்றாரா, பழுதை மறைத்து விற்கின்றாரா என்பதைக் கண்டறிய முடிந்தால் ஐயத்திற்கு இடமில்லை. நல்ல வேளையாக, அம்ப்ளிபயரைச் சோதிப்பது காரைச் சோதிப்பதிலும் எளிது.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில் கருவியின் முதுகைப் பாருங்கள். எத்தனை வோல்ட் என்பது அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். 100 மட்டும் இருந்தால், குறைக்கும் ட்ரான்ஸ்போமரின் விலையையும் கணக்கிற் சேருங்கள்.

இரண்டாவதாக, விலையுயர்ந்த ஸ்பீக்கரை உடனே மாட்டாமல், கெட்டாலும் கவலையில்லாத பழைய ஸ்பீக்கரை மாட்டுங்கள். பாட்டு எதுவும் போடாமல் மின்னைக் கொடுத்துக் காது கொடுங்கள். தொடர்ந்து ‘ம்’ என்ற ரீங்காரம் கேட்குமாயின் உள்ளேயுள்ள பெரிய கண்டென்சர்கள் வற்றியிருக்கக் கூடும். வெப்பம் 10 பாகை கூடும்போது இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பர் பொறியியலாளர். எனவே, அலுமாரிக்குள் காற்றோட்டமின்றி வைக்கப்பட்ட கருவி விரைவில் முதுமையடையும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருப்புங்கள். ‘கரகர’ என்ற ஓசை நம் மலைநாட்டு ஈரத்தால் வருவது. பெரும்பாலும் அது துப்புரவு செய்தால் தீரும் சிறு குறை. இதனைக் காட்டி விலை பேசலாம். இதற்காகக் கருவியை ஒதுக்க வேண்டியதில்லை.

நான்காவதாக, இரு பக்கமும் ஒரே அளவில் பாடுகின்றனவா என்று கேட்டு, அரைமணி நேரம் ஓடவிட்டு மேற்பரப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கையை வைக்க முடியாத சூடோ, தீய்ந்த மணமோ இருந்தால் விலகுங்கள்.

ஐந்தாவதாக, றேடியோ பாஸ் ஒருவரை அழைத்துச் சென்று மூடியைத் திறக்கச் செய்யுங்கள். தனித்தனி ட்ரான்சிஸ்டர்களால் ஆன கருவிக்கு மாற்றுறுப்புத் தேடுவது எளிது. எஸ்.டி.கே. என்னும் எழுத்துகளைத் தாங்கிய ஒரே கட்டையில் எல்லாம் அடங்கியிருந்தால், அது கெடும்போது அசல் கிடைப்பது அரிது. கடைகளிற் கிடைப்பனவற்றுள் போலிகள் பல.

இவை யாவற்றுக்கும் மேலாக, விற்பவரைக் காண முடிந்தால் “ஏன் விற்கிறீர்கள்?” என்று மரியாதையோடு கேளுங்கள். “பிள்ளைக்குப் பள்ளிச் செலவு” என்பவரிடமும், “வீட்டில் சத்தம் தாங்கவில்லை” என்பவரிடமும் நீங்கள் தயங்காமல் வாங்கலாம். காரணம் சொல்லத் தடுமாறுபவரிடத்தே மேற்கூறிய சோதனைகளை இரண்டு முறை செய்யுங்கள். உண்மைக் காரணத்தைச் சொல்பவரிடம் அடிமட்ட விலைக்குப் பேரம் பேசுவது அறமன்று என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அவருடைய அவசரம் நமக்கு இலாபமாவதற்கும் ஓர் எல்லை உண்டு.

விற்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். அடுத்த தீபாவளிக்கு முற்பணம் வரும்போது, தை மாதத்துக் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உரிய தொகையை முதலில் ஒதுக்கி வையுங்கள். எஞ்சியதில் காம்பராவுக்குப் போதிய 20 வாட் கருவியொன்றை வாங்குங்கள். பெரிய கருவியை வாங்கி மூன்று மாதத்தில் நட்டத்துக்கு விற்பதிலும், சிறிய கருவியை வாங்கிப் பத்தாண்டு பாட்டுக் கேட்பது மேலன்றோ? பொழுது சாய்ந்து, கொழுந்து நிறுத்து முடிந்து, வீடு திரும்பி அடுப்பு மூட்டும் தாய்க்கு ஒரு பழைய பாட்டு இதமாகக் கேட்க அவ்வளவு ஆற்றலே போதும்.